அண்ணனின் மாத்திரை நேரம்

எங்கள் ஊரில் ஐபோன் வைத்திருப்பவனையெல்லாம் பணக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. பாதிப் பேருக்கு பிரான்சில் ஓர் அண்ணனோ மாமனோ இருப்பார். ஆகஸ்ட் விடுமுறைக்கு அவர் வரும்போது பெட்டியில் சென்ட்டும் சாக்லேட்டும் வரும், கூடவே அவர் புதிது வாங்கியதால் ஓய்வுபெற்ற போனும் வரும். நெல்லித்தோப்பில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற எனக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. கொடுத்தது என் அண்ணன்.

அண்ணன் கட்டியது சொல்தா வீட்டுப் பெண்ணை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். அண்ணியின் அப்பா அப்படிப்பட்டவர். கல்யாணத்தோடு அண்ணனும் பிரான்சுக்குப் போனவர், பாரிஸுக்கு வெளியே வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டார்.

போனைக் கொடுத்தபோது அதில் அவருடைய கணக்குதான் இருந்தது. எனக்கென்று புதிதாக ஒன்று போட்டுத் தரும்படி கேட்டேன். "எதுக்குடா? ஒரே ரேஷன் கார்டுல வளர்ந்தவங்கதான நாம? ஒரே கணக்கு போதும்" என்று முடித்துவிட்டார். பாஸ்வேர்டையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விவரம் தெரிந்த எவனும் இதைச் செய்ய மாட்டான். நாங்கள் செய்தோம்.

விளைவு வேடிக்கையாக இருந்தது. நான் இங்கே எடுக்கும் படமெல்லாம் அங்கே அவர் போனுக்குப் போய்விடும். அவர் எடுப்பது எனக்கு வரும். கடையில் நான் கண்ணாடிச் சட்டத்தைப் படமெடுத்தால் அங்கிருந்து கூப்பிட்டு, "அது கெழவன் ஃப்ரேம்டா, எவன் வாங்குவான்?" என்பார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் படமெடுத்தால் அன்றைக்கெல்லாம் திட்டுதான். அவருடைய வீட்டுப் பனியும், அண்ணி சந்தையில் காய்கறி பொறுக்குவதும் என் போனில் வந்து கிடக்கும்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்த பிறகு போனில் ஒரு நினைவூட்டலும் சேர்ந்தது. அங்கே காலைச் சாப்பாட்டு நேரம், இங்கே நண்பகல். போனின் மொழி பிரெஞ்சு, அதை மாற்ற எனக்கும் சோம்பல். அத்தனை பிரெஞ்சுக்கு நடுவில் அந்த ஒரு வரியை மட்டும் அவர் தமிழில் எழுதியிருந்தார். "மாத்திரை சாப்பிடு." பக்கத்தில் ஒரு வட்டம். அதைத் தொட்டால் வரி இரண்டு போனிலும் மறைந்துவிடும், மறுநாள் திரும்ப வரும். அவர் உயிரோடு இருந்தவரை அவரே தொட்டுக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு குளிர்காலத்தில் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். விசா கிடைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் போனில்தான் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன், கையகலத்தில்.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த போன் ஒளிர்ந்தது. "மாத்திரை சாப்பிடு." கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டேன். பெரியவர், "எனக்கா தம்பி?" என்று கேட்டார்.

பயமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? அண்ணன் தனக்கு எழுதிக்கொண்ட வரி இப்போது யாரிடம் பேசுகிறது என்று தெரியவில்லை. தொடாமல் விட்டால் அது போகாது. சாயங்காலம் வரைக்கும் திரையிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழித்துவிடலாம். ஆனால் அண்ணன் கையால் எழுதியதில் என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அழிக்கக் கை வரவில்லை. ஆகவே தினமும் வட்டத்தைத் தொட்டேன். வேளை தவறாமல், கோயில் விளக்கு ஏற்றுகிறவன்போல.

வருஷத் திவசம் முடிந்தது. என் மனைவி சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து தன் ஆண்ட்ராய்டு போனை ஆட்டிக் காட்டினாள். "இதுல எத எங்க வேணா வெக்கலாம். எழுத்து பெருசு பண்ணலாம், நெறம் மாத்தலாம், தமிழ்ல பேசுனா எழுதிக்குது. ஒங்க போனு மாமியாரு மாதிரி, ஒரு டப்பாவ எடம் மாத்த வுடாது." மாமியாரை அவள் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை, என்றாலும் போன் விஷயத்தில் அவள் சொன்னது சரி. பேட்டரி வேறு உப்பிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பணம் அனுப்பும் செயலி திறக்கவே மறுத்தது.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். சோற்றில் கை வைத்த நேரத்தில் நான் எழுந்துபோய் போனைத் தொடுவதை அவள் பார்த்திருக்கிறாள். அன்று மெதுவாகச் சொன்னாள்: "வருஷம் தாண்டிடுச்சி. இனிமேவாவது அவர வுடுங்க. நீங்களும் நிம்மதியா சாப்பிடுங்க."

புது போன் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் சின்னப் பிள்ளைபோல விளையாடினேன். படக்குறிகளை வட்டமாக்கினேன், திரையின் அடியில் என் கட்டைவிரல் எட்டும் இடத்தில் அடுக்கினேன், எழுத்தை என் வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தகுந்தபடி பெரிதாக்கினேன். எனக்கென்று, என் பெயரில், ஒரு கணக்கு. முதல் நாள் நண்பகலில் அது சும்மா கிடந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சூடாகச் சாப்பிட்டேன். பழைய போனிடம் "போதும்ணே" என்று சொல்லி, அணைத்து, பீரோவில் வைத்திருந்தேன். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியின் அழைப்பு வந்தது. புது போனில் அவர் படம் திரை முழுக்க விரிந்தது, அப்படித்தான் அமைத்திருந்தேன். அண்ணி வழக்கமாகக் குளிரைப் பற்றித் திட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று அதைப் பற்றிப் பேசவில்லை.

"தம்பி, ஒன்னு சொன்னா சிரிக்கக் கூடாது. புள்ளைங்ககிட்ட சொல்ல முடியாது, டாக்டர்கிட்ட இட்டுக்கினு போயிடுவாங்க."

"சொல்லுங்க அண்ணி."

"ஒங்க அண்ணன் போன அவரு படத்துக்கு முன்னாடிதான் வெச்சிருக்கேன். சார்ஜ்லயே இருக்கும். எனக்கு அத தொறக்கத் தெரியாது, நான் தொட்டதும் இல்ல. காலையில மாத்திரை சாப்பிடுன்னு எழுத்து வரும். நான் காபி கலந்து படத்துக்கிட்ட வெப்பேன். கொஞ்ச நேரத்துல அந்த எழுத்து தானா போயிடும், தம்பி. தெனமும். யாருமே தொடாம."

நான் தொட்டேன், அங்கே போயிற்று. இவ்வளவுதான் விஷயம். ஒரு வருஷத்துக்கு மேலாக அண்ணன் என்னைப் பிடித்து ஆட்டுகிறார் என்று நான் இங்கே நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் அந்த வீட்டுக்குள் தினமும் போய்வந்த ஆவி நான்தான்.

"மாத்திரை போட்டுக்கினாருன்னு நெனச்சிக்குவேன்" என்றார் அண்ணி. "அப்புறம்தான் எனக்குக் காபி எறங்கும். இப்ப நாலஞ்சு நாளா அந்த எழுத்து போவல. அப்படியே நிக்குது."

நான் வாயைத் திறந்தேன். ஒரே கணக்கு, இரண்டு போன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"போன வாரம் அவரோட மாந்தோவ எடுத்துக் குடுத்துட்டேன், தம்பி. அந்தக் கறுப்புக் குளிர் கோட்டு. ஏழைங்களுக்குத் துணி வாங்குற எடத்துல. அலமாரியில தொங்குறதப் பாத்தா நெஞ்சு அடைக்குதுன்னு குடுத்தேன். அன்னிக்கிலேர்ந்துதான் போவல. கோவம் போலருக்கு அவருக்கு. இந்தக் குளிர்ல என் மாந்தோவ எடுத்துக் குடுத்துட்டியேன்னு."

கோட்டைக் கொடுத்த வாரமும் நான் போனை அணைத்த வாரமும் ஒன்று. இதற்கு என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அவருக்குக் கோட்டைப் பற்றிய குற்ற உணர்ச்சி போய்விடும். கூடவே அண்ணனும் போய்விடுவார், இரண்டாம் தடவை, என் வாயால். கொழுந்தன் ஒருவன் வட்டத்தைத் தொட்டதற்காக இத்தனை நாள் காபி வைத்தேனா என்று அந்த அம்மாள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னால் முடியவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அண்ணன் கோவக்காரருதான் அண்ணி, ஆனா கோட்டுக்கெல்லாம் கோச்சிக்க மாட்டாரு. நீங்க வெக்காம பேசிக்கினே இருங்க" என்றேன். ஒரு கையில் புது போனைப் பிடித்தபடி பீரோவைத் திறந்தேன். பழைய போனை சார்ஜரில் சொருகினால் கறுப்புத் திரை, அசையவில்லை. பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். கேட்டதையே திரும்பவும் கேட்டேன். மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள், போய் வைஃபை பெட்டி எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். ஒருவழியாகத் திரை வெளுத்தது. பிரெஞ்சில் ஏதேதோ கேட்டது. நடுவில் அந்த ஒரு தமிழ் வரி நின்றது.

தொட்டேன்.

அந்தப் பக்கம் அண்ணி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தம்பி" என்றார். "போட்டுக்கினாரு."

"சரிங்க அண்ணி."

"சரி, நான் வெக்கிறேன். அவரு காபி ஆறிப்போயிடும்."

பழைய போன் இப்போது கடையில், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால், எப்போதும் சார்ஜில் இருக்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டேன். இன்னும் எத்தனை காலம் ஓடும் என்று தெரியவில்லை, அது நின்றுபோகும் நாளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மறந்துவிடக் கூடாது என்று புது போனில் நண்பகலுக்கு ஓர் அலாரம் வைத்தேன். ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கு நாம் விரும்பும் பெயரைக் கொடுக்கலாம், விரும்பும் படத்தையும் ஓசையையும் வைக்கலாம் என்று மனைவி காட்டிக்கொடுத்தாள். படமும் வேண்டாம், ஓசையும் வேண்டாம் என்றேன். பெயர் மட்டும் கொடுத்தேன்: "அண்ணி காத்திருக்கிறார்."