தெருவுக்கு வாசல் இல்லாத கட்டடம்: வைட்ஃபீல்டிலிருந்து பிரேசர் டவுனுக்கு

செய்தி என் போனுக்கு வந்தது மதியம் 1.12க்கு. நான் பார்த்தது 2.47க்கு. மீட்டிங்கில் இருந்ததால் சைலன்ட்டில் போட்டிருந்தேன். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அனிதா மயங்கி விழுந்துவிட்டாள் என்று அவளுடன் வேலை செய்யும் டீச்சர் ஆறு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மெசேஜ் போட்டிருந்தார். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது 4.20. அவள் போனது 3.55. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். அன்றிலிருந்து இந்த எட்டு மாதமாக நான் போனை அணைக்கவில்லை, சைலன்ட்டிலும் போடவில்லை.

இந்த பிளாகைப் படித்து வார இறுதிப் பயணம் போகிறவர்கள் சிலர் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். காரணம் மேலே இருக்கிறது. இந்தத் தடவை படங்களும் இல்லை. படம் எடுப்பது அவள் வேலை. தூரம், நேரம், செலவு எழுதுவது என் வேலை. அதை மட்டும் செய்கிறேன்.

பெங்களூரு நடுவில் ஃப்ளாட்டோ கடையோ பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவலாம். கீழே கடை, அதற்கு மேல் ஆபீஸ், அதற்கும் மேல் வீடு என்று பழைய ஏரியாக்களில் இப்போது நிறைய கட்டடங்கள் எழும்புகின்றன. பழைய நகரத்துக்கு இதனால் மறுபடி உயிர் வரும் என்று விளம்பரம் செய்கிறார்கள். பிரேசர் டவுனில் அப்படி ஒன்றில், ஏழாவது மாடியில், 704 எங்கள் வீடு. பதிவு செய்து சாவியும் வாங்கியாகிவிட்டது. குடிபோக இரண்டு வாரம் இருந்தபோதுதான் அவள் போனாள். நான் இன்னும் வைட்ஃபீல்டில் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை 6.40க்கு அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளர் நாகராஜ் மெசேஜ் அனுப்பினார். தெருப்பக்கச் சுவரை உடைத்து நடந்து வருகிறவர்களுக்கு ஒரு கேட் வைப்பதா வேண்டாமா என்று ஞாயிறு 11 மணிக்கு மறுபடி ஓட்டெடுப்பு. மொத்தம் 96 வீடு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 64 ஓட்டு. போன மாதம் விழுந்தது 63. நானும் சங்கத்து ஆப்பில் ஓட்டுப் போட்டேன், ஏற்கவில்லை. பதிவேட்டில் முதலில் இருக்கிற பேருக்குத்தான் ஓட்டு. எங்கள் வீட்டுக்கு முதல் பேர் அனிதா. “தினமும் நடந்து ஸ்கூலுக்குப் போறது நான். என் பேர் முதல்ல இருக்கட்டும்” என்று சொல்லி அவள்தான் அப்படிப் போட வைத்தாள். இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் பேர் மாற்றிவிடலாம் என்று செயலாளர் இரண்டு தடவை சொன்னார். சான்றிதழ் என் ஆபீஸ் பையிலேயே இருந்தது. கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவர் அங்கே இருப்பதற்குக் காரணம் நான். கட்டடங்களுக்கு மின்சார வரைபடம் போடுவது என் தொழில். நான்கு வருடம் முன்பு அந்தக் கட்டடத்தின் வரைபடம் எங்கள் ஆபீஸில், என் மேஜையில்தான் தயாரானது. அனிதா வளர்ந்ததே பிரேசர் டவுனில். அவள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து அங்கே வந்து குடியேறியது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது, நான் கொண்டுவந்திருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

“ரோட்டுப் பக்கம் என்னடா இது, கட்டம் கட்டமா?”

“டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கேபிள் ரூம்.”

“அப்ப கடை?”

“உள்ள. முற்றத்தப் பாத்து இருக்கும்.”

“ரோட்ல போறவனுக்கு உள்ள கடை இருக்குன்னு கனவுல தெரியுமா?”

“போர்டு வைப்பாங்க.”

“போர்டப் பாத்து யாருடா மாவு வாங்க வருவா? இதெல்லாம் பக்கத்துச் சந்துல வைக்க முடியாதா?”

முடியும். கேபிள் நாற்பது மீட்டர் கூடும், அவ்வளவுதான். ஆனால் எல்லாத் தாளையும் திருத்தி மறுபடி அனுமதிக்குக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கெடு. “மின்வாரியம் ரோட்டுப் பக்கம்தான் கேக்கும்” என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

ஞாயிறு காலை 8.34க்கு வைட்ஃபீல்ட் ஸ்டேஷனில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினேன். (ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் ஏழு மணிக்குத்தான், ஐந்தரைக்குப் போய் நிற்காதீர்கள்.) உட்கார இடம் கிடைத்தது. அல்சூரில் இறங்கியபோது 9.15. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ. நூற்றிருபது கேட்டார், எண்பதுக்கு வந்தார். டிரைவர் தங்கவயல் தமிழர், ஐம்பது வயசு இருக்கும். கட்டடத்தின் பேரைச் சொன்னதும் சலித்துக்கொண்டார்.

“அந்த பில்டிங்கா சார்? அங்க டிராப்னாலே தலைவலி. வாசல் எங்க இருக்குன்னு தேடி ஒரு ரவுண்டு, பேசஞ்சர் திட்டுறதுக்கு ஒரு ரவுண்டு.”

“சைடு சந்துல இருக்கு.”

“ஆமா, கார் போற வாசல். மனுசன் போற வாசல் எங்க? பழைய கடைங்க இருந்தப்ப அந்த ரோட்ல பத்து எடத்துல சவாரி கெடைக்கும். இப்ப சுவரு. எவனோ நல்லா படிச்ச இஞ்சினியரு போட்டிருக்கான்.”

நான் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நேரம் இருந்ததால் எதிர்ப் பக்கம் நின்று பார்த்தேன். நியாயமாகச் சொன்னால் கட்டடம் வந்ததால் நல்லதும் நடந்திருக்கிறது. நடைபாதை சமமாக இருக்கிறது, தெருவிளக்கு எல்லாம் எரிகிறது, முதல் மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். கட்டடத்தின் மூலையில் மருந்துக்கடை ஒன்றுக்கு மட்டும் தெருவைப் பார்த்து வாசல் கிடைத்திருக்கிறது. அதற்கு எதிரே டீக்கடையும் பழவண்டியும் வந்திருக்கின்றன. அங்கே பத்து நிமிடத்தில் 41 பேர் நின்றார்கள். எண்ணுவது என் பழக்கம். அதற்கு இந்தப் பக்கம் என் சுவர், 22 மீட்டர். அங்கே அதே பத்து நிமிடத்தில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஷூ லேஸ் கட்டினார். இன்னொருவர் எதற்கு நின்றார் என்பதைச் சுவரே சொல்லும். சுவருக்கு எதிரே மூன்று ஷட்டர் மூடிக் கிடந்தன. சைக்கிள் கடை, லாண்டரி, மூன்றாவது என்ன என்று ஞாபகம் இல்லை. அனிதாவுக்குத் தெரிந்திருக்கும்.

மேலே குடியிருப்பவர்கள் காரில் சந்து வழியாக உள்ளே போகிறார்கள், காரிலேயே வெளியே வருகிறார்கள். சாமான் ஆப்பில் வருகிறது. தொண்ணூற்றாறு குடும்பம் வந்தும் தெருவில் நடக்க ஆள் கூடவில்லை.

சந்து வழியாகச் சுற்றி உள்ளே போனேன். முற்றத்தில் நான்கு கடை, இரண்டு பூட்டியிருந்தன. கடைசிக் கடை மேரி அக்காவுடையது, இட்லி மாவு அரைத்து விற்கிறார். இதே இடத்தில் பழைய கடை வரிசை இருந்தபோது முப்பது வருடம் ரோட்டைப் பார்த்து விற்றவர். அனிதா சின்ன வயசில் தூக்குவாளியோடு போய் வாங்கிய கடை. இடிக்கும்போது புதுக் கட்டடத்தில் கடை தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், தந்தும்விட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்த கடை என்று எழுதவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு அவரை இப்போதுதான் பார்க்கிறேன். கிரைண்டரைத் தரையில் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி வைத்திருந்தார்.

“வா தம்பி. எளச்சிட்டியே. சாப்புடுறியா இல்லியா?”

“சாப்பிடுறேன் அக்கா. கிரைண்டர் எங்க போகுது?”

“லிங்கராஜபுரம். அட்வான்ஸ் குடுத்துட்டேன். நாளைக்கு வண்டி வருது.”

“இன்னிக்கு ஓட்டு இருக்கே.”

“போன மாசமும்தான் இருந்துச்சு. ஒரு ஓட்டுல போச்சு தம்பி, ஒரே ஒரு ஓட்டு. எவனோ ஏழுநூத்தி நாலாம். வீட்டப் பூட்டிப் போட்டுட்டு ஒரு காயிதம் குடுக்கச் சோம்பலாம். செக்யூரிட்டி சொன்னான். அவன் வீட்டு அடுப்புல பூனை தூங்க!”

“704 எங்க வீடு அக்கா.”

கையில் இருந்த ஸ்பேனரைக் கிரைண்டர் மேல் வைத்தார்.

“அனிதா வீடா?”

“ஆமா. அவ பேர எடுக்கறதுக்குத்தான் அந்தக் காகிதம்.”

ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்கு வாயில வந்தத...”

“நீங்க சொன்னது சரிதான் அக்கா. அடுப்பு எரிஞ்சதே இல்ல.”

“போடா” என்றார். “மேல போ. மணி ஆச்சு.”

கூட்டம் இரண்டாவது மாடி ஹாலில். செயலாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார், இடையில் கன்னடமும் வரும். “வாங்க சார், உட்காருங்க. ரூல்ஸ் அப்படி இருக்கு, நான் ஏனு மாட்லி, என்ன செய்ய?” என்றார். பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் மடிப்பு லேசாகக் கிழிந்திருந்தது. அவர் பதிவேட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து, அனிதா பேரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். கீழே என் பேரை எழுதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகத்தான் நான் அவ்வளவு நாள் வராமல் இருந்தேன்.

விவாதம் போன மாதத்து விவாதம்தான் என்றார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, “கேட் வெச்சா தெருவே உள்ள வந்துடும்” என்றார். நான் எழுந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து ஒன்பது மீட்டரைத் தொட முடியாது, மீதிப் பதின்மூன்று மீட்டரில் மூன்று மீட்டர் கேட் வைக்கலாம், கேபிள் எதுவும் குறுக்கே போகவில்லை என்றேன்.

“உங்களுக்கு எப்படி சார் அவ்வளவு கரெக்டா தெரியும்?”

“அந்தச் சுவர வரைஞ்சது நான்தான். அப்பவே தப்புன்னு எங்க வீட்ல சொன்னாங்க. நான் கேக்கல.”

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “அப்ப கடப்பாரைய இவர் கையிலயே குடுங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஓட்டு 66. கேட் வரும்.

கீழே வந்து மேரி அக்காவிடம் சொன்னேன். “போன மாசம் வந்திருக்கணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அட்வான்ஸ் திரும்பாது, புது இடத்தில் த்ரீ பேஸ் கரென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, போய்த்தான் ஆக வேண்டும். “இந்தக் கடைக்கு அடுத்து வர்றவங்களாவது ரோட்டப் பாக்கட்டும்” என்று சொல்லி ஒரு கிலோ மாவைக் கவரில் போட்டு நீட்டினார். எவ்வளவு என்று கேட்டதற்கு முறைத்தார். லிங்கராஜபுரத்தில் வயரிங் நான் போட்டுத் தருகிறேன் என்றேன். “வாசல் எந்தப் பக்கம்னு மொதல்ல பாத்துட்டுப் போடு” என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாடல் ஃப்ளாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் எதிர்ப் பக்க நடைபாதையில் பத்து நிமிடம் நில்லுங்கள். தெருவைப் பார்த்து எத்தனை வாசல் என்று எண்ணுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே வருகிறது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் அது முன்னால்தான் இருக்கிறது. கடை வாங்குகிறவர்கள், அது எந்தப் பக்கம் பார்த்த கடை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேர் பேரில் வீடு வாங்குகிறவர்கள், ஒருவருக்கு ஏதாவது ஆனால் என்ன காகிதம் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தடவை பேசிவிடுங்கள். பேசும்போது சங்கடமாக இருக்கும். பரவாயில்லை. வீட்டில் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்து ஏதாவது சொன்னால் கேளுங்கள்.

மாவுக் கவரை இறுக்கிக் கட்டாதீர்கள். மெட்ரோவில் போய்ச் சேருவதற்குள் பொங்க ஆரம்பித்துவிடும்.

நான் வைட்ஃபீல்டுக்குப் போகவில்லை. 704இல் உட்கார்ந்து லேப்டாப்பில் இதை எழுதுகிறேன். நாற்காலி இல்லை, தரைதான். மாவு சமையல் மேடையில் இருக்கிறது. அடுப்பும் தட்டும் காலையில் வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், பதில் வர நாளாகும். கூப்பிட வேண்டாம். போனை அணைத்துவிட்டேன்.