மைனஸில் வந்த மூன்று ஜெட்

எண்பதுகளின் தொடக்கத்தில், தலைப்பிரசவத்துக்காகச் சங்கரன்கோவிலில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டியில் சேலையும் இன்னொரு பெட்டியில் கணக்கும் கொண்டுவந்தேன். கணக்குப் பெட்டிதான் கனம். தூக்கிவந்த அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

துகள்களை மோதவிட்டால் குவார்க் என்ற அடிப்படைத் துகளில் கனமான வகை பிறந்து, ஒரே திசையில் சிறு துகள்களாகப் பீய்ச்சியடிக்கும். அதற்கு ஜெட் என்று பெயர். மூன்று ஜெட் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறவர்கள் வசதிக்காகக் குவார்க்கின் நிறையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வார்கள். நானும் சென்னையில் என்னோடு ஆராய்ச்சி செய்த தோழியும் நிறையை விடாமல், விடையைத் துல்லியமாக்கும் முதல் படித் திருத்தத்தோடு நிற்காமல், அடுத்த படியும் போட்டோம். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒருவர் வழியை மற்றவர் பார்க்கக் கூடாது, விடையை மட்டும் தபாலில் ஒப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. விடைகள் ஒத்துப்போயின. நிறையைப் பூஜ்யமாக்கினால் எல்லோருக்கும் தெரிந்த பழைய விடையும் வந்தது. என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடிந்தது என்று நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், பொழுது போகாமல் நிஜமான எண்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஜெட்டுக்கான வாய்ப்பு மைனஸில் வந்தது. எங்கள் ஊரில் மழை வராமல் போகலாம். வராததைவிடக் குறைவாக வர முடியாது.

தேடினால், விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்ட தொகையீட்டு அட்டவணையில் ஒரு வரிக்குப் பிளஸ், மைனஸ் குறி மாறியிருந்தது. அந்த வரி நிறையால் பெருக்கப்பட்டு வருவது. நிறையைப் பூஜ்யமாக்கிய சோதனையில் அதுவும் பூஜ்யமாகித் தப்பித்துவிட்டது. நாங்கள் தனித்தனியாக, மிக நேர்மையாக, ஒரே தப்பைச் செய்திருந்தோம்.

அழுதேன். பிள்ளையோடு புகுந்த வீடு போனால் அங்கே எனக்கு ஒரு மேசை கிடைக்காது. அதற்குள் முடிக்காவிட்டால் ஆய்வேடு அவ்வளவுதான். அந்த வரி நாற்பது பக்கங்களில் புகுந்திருந்தது. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் முதலிலிருந்து தொடங்கினேன்.

"ஏட்டி, பிள்ளத்தாச்சி இப்படிக் குனிஞ்சே கெடந்து என்னத்தத்தான் எழுதுத?" என்றாள் அம்மா.

"வரக்கூடாத மைனஸ் வந்திருக்கும்மா. அத எடுக்கணும்."

"எடுக்காட்டி?"

"படிச்சது அம்புட்டும் போச்சு."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் காலையில் வலி எடுத்தது. நான் சொல்லவில்லை. வலி வந்தால் பேனாவை நிறுத்தினேன், விட்டால் எழுதினேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா குதிரைவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அரப்பக்கம்."

அம்மா வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டி நிக்கட்டும். எம்மவ எழுதுதா."

பிறகு என் பின்னால் உட்கார்ந்து இடுப்பை நீவிவிட்டாள். நான் கடைசி வரியைக் கூட்டி முடித்தேன்.

"மைனஸ் போச்சாட்டி?"

"போச்சும்மா."

"அப்போ எந்திரி."