தொலைபேசியில் சொன்ன ஆறு எழுத்துகள்

எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் கவுண்டர் கிளார்க்காகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அன்றைக்கெல்லாம் யார் கையிலும் கைப்பேசி கிடையாது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே பெரிய கணினி, குளிரூட்டிய அறைக்குள் இரைந்துகொண்டிருக்கும். அந்த வருடம்தான் விரிவுரையாளர்கள் வீட்டிலிருந்தே அதனுடன் இணைய வழி செய்திருந்தார்கள். தையல் மிஷின் பெட்டி அளவில் ஒரு கருவி. அதைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டு டெலிபோனில் நம்பரைச் சுற்றி, கீச்சென்ற சத்தம் கேட்டதும் ரிசீவரை அதன் மேலிருக்கும் இரண்டு ரப்பர்க் குழிகளில் அழுத்தி வைக்க வேண்டும். பிறகு பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால் கணினி உள்ளே விடும். வெளியிலிருந்து இணைய மொத்தம் இரண்டே லைன்கள்தான்.

பாஸ்வேர்டை மறந்தவர்கள் நேரில் வரவேண்டும், ஃபாரம் எழுத வேண்டும், வேலை அட்டையைக் காட்ட வேண்டும். நான் அட்டையையும் ஆளையும் பார்த்துவிட்டுப் புதியது போட்டுக் கொடுப்பேன். டெலிபோனில் மட்டும் சொல்லவே கூடாது. சேர்ந்த முதல் நாளே மேலாளர் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவோம். அன்று உடன் வேலை செய்யும் பெண் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். பன்னிரண்டே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது. ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில், தன்னை ஒரு விரிவுரையாளர் என்று சொல்லிப் பெயரையும் ஊழியர் எண்ணையும் கொடுத்தது. தமிழரான அந்த விரிவுரையாளரை எனக்குத் தெரியும். கருவியை வாங்க இரண்டு முறை கவுண்டருக்கு வந்திருக்கிறார், ஆங்கிலத்தில் இரண்டொரு வார்த்தை பேசியதோடு சரி. நான் என் பெயரைச் சொன்னதும் குரல் தமிழுக்கு மாறியது.

"நீங்க தமிழா? அப்பாடா! தங்கச்சி, என் வைஃப்ப ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு லா. ரெண்டு நாளாத் தூக்கமில்ல. பாஸ்வேர்டு சுத்தமா மறந்துபோச்சு. மார்க்கெல்லாம் இன்னைக்கே உள்ள போட்டாகணும்."

நேரில்தான் வரவேண்டும் என்று சொன்னேன்.

"அவங்களத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது? ஃபாரத்துல திங்கக்கிழமை நானே வந்து சைன் பண்றேன். ஒரு தமிழ்ப் பொண்ணு ஃபோன எடுத்ததே கடவுள் புண்ணியம்."

அந்தக் குரல் தழுதழுத்தது. வாரம் முழுக்க அந்தக் கட்டடத்தில் தமிழ்ச் சத்தமே கேட்காமல் வேலை செய்தவள் நான். ஃபாரத்தைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் வேறு எதுவும் தோன்றாமல், என் தங்கையின் செல்லப் பெயரையே புதிய பாஸ்வேர்டாகப் போட்டேன். ஆறு ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

கவுண்டரை மூடிவிட்டு, தமிழர்கள் கூடும் தேக்காப் பகுதிக்குப் பஸ் ஏறினேன். தேக்கா மார்க்கெட் மாடியில் ஒரு தையற்கடையில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். பஸ்ஸில் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. போகிற வழிக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்ற நினைப்பு.

தையற்கடை வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த விரிவுரையாளர் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். மனைவியைத் தனியே விட்டுவிட்டு வந்திருக்கிறாரே என்று முதலில் வருத்தமாக இருந்தது. பக்கத்தில் போனேன்.

"சார், உங்க வைஃபுக்கு இப்போ எப்படி இருக்கு?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கா? இதோ நிக்கிறாளே."

கடைக்குள் தையற்காரர் ஒரு பெண்மணிக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நீங்க கணினி மையத்துக்கு ஃபோன் பண்ணலியா?" என்று கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே பேசிய அந்த மனிதன், எழுத்துகளை மட்டும் எவ்வளவு நிதானமாகத் திருப்பிச் சொன்னான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நடந்ததைச் சொன்னேன். அவர் பைகளைக் கீழே வைத்தார்.

"பரீட்சைப் பேப்பர் மூணும் அங்கதாம்மா இருக்கு. வீட்ல டைப் பண்ணி உள்ள போட்டு வச்சிருக்கேன். வர்ற புதன்கிழமை எக்ஸாம்."

கீழே ஓடி, பொதுத் தொலைபேசியில் பத்துக் காசைப் போட்டேன். கவுண்டரில் யாரும் இருக்கமாட்டார்கள். கணினி அறைக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் உள்ளே இருப்பவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

அதற்குள் அவருடைய மனைவியும் இறங்கி வந்துவிட்டார். "பைய என்கிட்ட குடுங்க. நான் பஸ்ல போய்க்கிறேன். நீங்க டாக்சி பிடிச்சு இந்தப் பொண்ணோட போங்க," என்றார். எனக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டாக்சியில் விரிவுரையாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி.

"என் வைஃப் பத்தி வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லல சார்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. ஃபாரம் இல்லை. யாரோ வந்து அட்டையைக் காட்டினார், சாரைப் போலவே இருந்தார் என்று மேலாளரிடம் சொல்லிவிடலாம். வேலை போனால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்று தேவாலயத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். பக்கத்தில் இருப்பவரிடம் ஏற்கெனவே உண்மையைச் சொல்லியாகிவிட்டது என்பதைக்கூட மறந்து, அந்தப் பொய்யைப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தேன்.

கணினி அறையில் ஒரு மலாய்க்கார ஆபரேட்டர் இருந்தார். கண்ணாடிக் கதவை இருவரும் சேர்ந்து தட்டியதில் திடுக்கிட்டுத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் திரையில் பார்த்தார். வெளி லைன்களில் வந்திருப்பவர்களின் பட்டியல். அதில் இரண்டாவதாக இருந்தது விரிவுரையாளரின் பெயர்.

அந்தக் காட்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நிற்கிறார். அவர் பெயர் மட்டும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

"கட் பண்ணுங்க!" என்று கத்தினேன், தமிழில். ஆபரேட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்தது. இரண்டு தட்டுத் தட்டினார். பெயர் மறைந்தது.

பிறகு பதிவைப் புரட்டிப் பார்த்தார். மதியம் முழுக்க இரண்டு லைனும் நிரம்பியிருந்ததால் அந்த ஆளுக்கு இணைப்புக் கிடைக்கவே நேரமாகிவிட்டது. உள்ளே வந்தது நாங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்புதான். அந்தக் காலத்துக் கருவியில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்துதான் வரும். முதல் பேப்பர் முழுதும் போயிருந்தது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதைத் தொடவில்லை.

ஆபரேட்டர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, பாஸ்வேர்டை மாற்றியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விரிவுரையாளர் என்னைத்தான் பார்த்தார். டாக்சியில் தீட்டிய பொய் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"நான்தான்," என்றேன் ஆங்கிலத்தில். "டெலிபோன்லயே குடுத்துட்டேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

விரிவுரையாளர் அந்த ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து இரண்டு பேப்பர்களையும் புதிதாகக் கையால் எழுதினார். திங்கட்கிழமை காலை மேலாளர் அறையில் நின்றிருந்தேன்; நடந்ததை ஒப்புக்கொண்டு நான் எழுதிய கடிதம் மேசை மேல் இருந்தது. கதவைத் தட்டிக்கொண்டு விரிவுரையாளர் உள்ளே வந்தார். எனக்காகப் பரிந்து பேச வந்தார் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பெண் செய்தது பெரிய தப்பு, பரீட்சைப் பேப்பரை அங்கே வைத்தது என்னுடைய தப்பு, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். போய்விட்டார்.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப் போனது. என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து, அச்சாகி வரும் காகிதங்களைக் கிழித்து அடுக்கும் இடத்தில் போட்டார்கள். அந்தக் குரல் யாருடையது என்று கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த சில மாதங்கள், பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து யாராவது தமிழில் பேசினால் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பாவிடம் நானே சொன்னேன். அவர், "அந்த வாத்தியாரோட வீட்டம்மா நல்லா இருக்காங்கல்ல, அது போதும்," என்றார்.

இப்போது சிங்கப்பூரின் வடகிழக்கில், செங்காங்கில் இருக்கிறேன். போன மாதம் மகளோடு அவள் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அவள் புதிய கைப்பேசியை அங்குள்ள வைஃபையில் இணைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டைத் தட்டத் தொடங்கியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நீங்க பாத்தா என்னம்மா?" என்று சிரித்தாள். அவளுக்கு இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன்.

டெலிபோனில் யாராவது கலங்கிப் பேசினால் எனக்கு இன்றும் மனசு இளகத்தான் செய்கிறது, அது இளகாமல் போகவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. ஆனால் உதவி செய்யக் கிளம்பும்போது, அந்த உதவிக்கு நான் கொடுப்பது என்னுடையதா, வேறொருவர் என்னை நம்பி ஒப்படைத்ததா என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்கிறேன்.