பன்னிரண்டு வருடத் தேத்தண்ணீர்

போன சனிக்கிழமை பின்னேரம் என் மருமகன் எனக்கு விஸ்கி குடிக்கப் பழக்கினார். அறுபது தாண்டிய மாமனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்? பிள்ளைக்கு ஊர் கோயம்புத்தூர், இங்கே ஜெர்மனியில் எர்லாங்கனில் எஞ்சினியர். தங்கமான பையன்தான். ஆனால் எதையும் வகுப்பில் படித்தால்தான் அவருக்குச் செமிக்கும்.

ஹனோவரில் ஒரு நிலவறை. ஆளுக்கு ஆறு கிளாஸ், ஒவ்வொன்றிலும் இருமல் மருந்து அளவு. வகுப்பு எடுத்த ஜெர்மன்காரர் ஸ்கொட்லாந்துப் பாவாடை கட்டியிருந்தார். ஏழு தலைமுறைப் பாரம்பரியம், கருவாலிப் பீப்பாய், சதுப்பு நிலத்துப் புல்கரிப் புகை என்று பூசை வைப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மாமா, உடனே குடிச்சிடாதீங்க. ஃபர்ஸ்ட் ஸ்மெல் பண்ணுங்க" என்றார் மருமகன்.

மூக்கை விட்டேன். பழைய தோல் மணக்குதா, கடலில் நனைந்த கயிறு மணக்குதா என்று பாவாடைக்காரர் கேட்டார். நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில், பாசையூரில் பிறந்தவன். நனைந்த கயிற்றை மணப்பதற்கு ரிக்கெற் எடுத்த முதல் பாசையூரான் நானாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு கதை சொன்னார். பீப்பாயில் கிடக்கும் சரக்கு வருடா வருடம் கொஞ்சம் குறையுமாம். அது சம்மனசுகள், அதுதான் தேவதூதர்கள், குடிக்கிற பங்கு என்று ஸ்கொட்லாந்துக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்களாம். நாலாவது கிளாசில், "கடைசியாக நாக்கில் ஆறிய கறுப்புத் தேநீர் தெரியும்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மருமகன் முழங்கையால் இடித்தார். தேத்தண்ணீரும் சம்மனசுகளும் சேர்ந்து வந்தால் எனக்கு ராசு அண்ணையின் போத்தல் ஞாபகம் வரும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வந்த புதிதில் அகதி விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர் நாங்கள். ராசு அண்ணை, மன்னார் இம்மானுவேல், நான். அண்ணை கலியாணம் கட்டி மூன்றாம் மாதம் மேரி அக்காவை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். கோப்பை கழுவுகிற வேலை கிடைத்த கையோடு பன்னிரண்டு வருட மோல்ட் விஸ்கி ஒன்று வாங்கி வந்தார். "மேரி வந்திறங்கிற அண்டைக்குத்தான் இதை உடைக்கிறது. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது" என்றார்.

எங்கள் சனத்துக்கு நல்ல விஸ்கி குடிக்கிற சாமான் இல்லை, காட்டுகிற சாமான். மட்டைப் பெட்டியைக்கூட எறிய மாட்டோம். அண்ணை அதை அலுமாரிக்கு மேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செபமாலை சொல்லும்போது என் கண் எங்கே நின்றது என்பது மாதாவுக்கு மட்டும் தெரியும்.

அக்காவைக் கூப்பிட அண்ணை போட்ட முதல் அன்ட்ராக் விண்ணப்பத்தை இலையுதிர் காலத்தில் நிராகரித்துக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். அன்று நாங்கள் அறைக்குத் திரும்பியபோது இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். காய்ச்சல் என்றார். நாங்களும் நம்பினோம்.

அந்த மாரிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணை வேலைக்குப் போனதும், நானும் இம்மானுவேலும் கதிரை போட்டு ஏறினோம். மூடி சத்தமே இல்லாமல் திறபட்டது. "நல்ல சாமான் எண்டா இப்பிடித்தான்" என்றான் இம்மானுவேல். ஆளுக்கு அரைக் கோப்பை. "பன்னிரண்டு வருசம் எண்டா சும்மாவே, தொண்டையில பூப்போல இறங்குது" என்றான். எனக்குப் புகை மணம்கூடத் தெரிந்தது. இரண்டாவது கோப்பையில் அவன் அம்மாவை நினைத்து அழுதான், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு குறைந்த அளவுக்குப் பால் விடாத தேத்தண்ணீர் ஊற்றி, ஏறி வைத்தோம். நான் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். ஜெர்மன் சாமியார் எந்த விஸ்கி என்று விசாரித்துவிட்டுப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார்.

அடுத்த வருடம் அக்கா வந்தேவிட்டார். அண்ணை போத்தலை இறக்கிப் பிளாஸ்ரிக் கோப்பைகளில் எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "இதெல்லோ சாமான்" என்றார்கள் வந்தவர்கள். அண்ணையும் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் களவு இத்தனை காலமும் என் நெஞ்சில் கிடந்தது. நிலவறையை விட்டு வெளியே வந்ததும் டார்ம்ஸ்டாட்டில் இருக்கிற அண்ணைக்குப் போன் எடுத்தேன். போன கார்த்திகையில் அக்காவை அடக்கம் செய்த பிறகு அவரோடு நான் கதைக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாத கோழைத்தனம், வேறொன்றுமில்லை. ஆறு கிளாசும் சேர்ந்து தைரியம் கொடுத்ததில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்ப குடிச்சனீங்கள்?"

"அன்ட்ராக் திரும்பி வந்த அந்த மாரிக்கு அண்ணை."

"அப்ப நீங்கள் குடிச்சது தேத்தண்ணி."

"என்னண்ணை சொல்லுறியள்?"

"அந்தக் கடிதம் வந்த அண்டைக்கே நான் முழுக்கக் குடிச்சுப்போட்டன். பிறகு சனிக்குச் சனி புதுசாத் தேத்தண்ணி ஊத்தி, மணத்துக்கு மலிவுச் சாராயம் ரெண்டு மூடி விடுவன். பழசை அப்பிடியே விட்டா பூஞ்சணம் பிடிக்குமெல்லோ."

அட கடவுளே. தேத்தண்ணீருக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்? கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்ட இம்மானுவேலுக்கு இதை எப்படிச் சொல்வது? பாவாடைக்காரரைப் பார்த்துச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

"எங்களுக்குத் தெரியக்கூடாதெண்டோ அண்ணை?"

"உங்களுக்காக இல்லை. போத்தல் வெறுமையாக் கிடந்தா அவள் வரமாட்டாள் எண்டு ஒரு எண்ணம். விசர்தான்."

அந்த விடுதியை இடித்து இப்போது தளபாடக் கடைக்கு வாகனம் விடுகிற இடமாக்கிவிட்டார்கள். நானே அங்கே காரை விட்டுக் கட்டில் வாங்கியிருக்கிறேன்.

"போத்தல் இன்னும் இருக்கோ அண்ணை?"

"ஓம், அலுமாரியிலதான் நிக்குது. வெறும் போத்தல். இனி ஆர் வரவெண்டு ஊத்தி வைக்கிறது?"