ஏரிக்குள் நின்ற மிஷினும் மூன்று புதிய சென்சார்களும்

நான் மீட்டர் வைத்து அளந்ததையும், கண்ணால் கண்டதையும், நேரே காதால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இது அடக்கத்தினால் அன்று. அளக்காமல் பேசுகிறவர்கள் அந்த ஏரிக்கரையில் தேவைக்கு மேலேயே கூடியிருந்தார்கள். அவர்கள் பேச்சால் நல்ல உணரிகள் கழற்றி எறியப்பட்டன. ஒரு மனிதரின் வேலையும் போகவிருந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாகச் சேர வேண்டியதில்லை. உணரி என்று நான் எழுதுவதை ஊரில் சென்சார் என்பார்கள். எழுத்தில் என் சொல்லை வைத்துக்கொள்கிறேன், பேசுகிறவர்களைத் திருத்தமாட்டேன்.

கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, மண் அள்ளும் பெரிய மிஷின்களின் மின்கோளாறு பார்க்கும் தொழிலுக்கு வந்தவன் நான். உத்திரமேரூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரம் முழுவதும் இருசக்கர வண்டியில் போய் வருகிறேன். படித்ததற்கும் பார்க்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று உறவினர் வருந்துவார்கள். ஒரு குறியைப் பார்த்த மாத்திரத்தில் பொருள் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் இரண்டு இடத்திலும் நிறைந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தத் தொடர்பு போதும்.

சாலவாக்கத்துக்கு அருகே ஓர் ஏரியில், மழைக்கு முன் தூர் வாரிக்கொண்டிருந்த மிஷின் அடுத்தடுத்து முடங்கியது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே பிழை எண். மிஷினின் கையை இயக்கும் எண்ணெய்ப் பம்புகள் இரண்டில் முன் பம்பின் அழுத்தத்தை அளக்கும் உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் வரம்புக்குள் இல்லை என்பது அதன் பொருள். அந்த எண் தோன்றினால் மிஷின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது ஒருமுறை மண் அள்ளிக் கொட்டுவதற்குள் டிப்பர் ஓட்டுநர் கரைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

மிஷினின் உரிமையாளர் ஊரில் நான்கு பேருக்கு நியாயம் சொல்கிறவர். இந்த வழக்கிலும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பை முடித்து வைத்திருந்தார். மிஷின் ஓட்டுகிறவர் ஓய்வெடுப்பதற்காக ஒயரைப் பிடுங்கிவிடுகிறார் என்பது தீர்ப்பு. சாவியை அவரிடமிருந்து வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நான் போய் இறங்கியதும் அவர் சொன்னது இது: "மூணு வாட்டி புது சென்சார் போட்டாச்சு சார். இதுவும் இவன் வேலைன்னா இப்பவே வூட்டுக்கு அனுப்பிடறேன். நீ பார்த்துச் சொல்லு."

இவன் என்று சுட்டப்பட்டவர் மாகறல்காரர், நாற்பதை நெருங்கியவர். பிறர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பத்தில் மிஷின் ஓட்டக் கற்ற முதல் ஆள். ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்துக்குப் போகிறவர். மிஷினின் சங்கிலித்தடம் தந்த நிழலில் குந்தியிருந்தார்.

அதுவரை நடந்த சிகிச்சைகளை உரிமையாளரே பெருமையோடு விவரித்தார். முதலில் மடிக்கணினியோடு ஒருவர் வந்து, எண்ணைப் படித்து, உணரியை மாற்றிவிட்டு அரைமணியில் கிளம்பினார். இரண்டாவது முறை வாட்ஸ்அப் குழு ஒன்று கூடி ஆலோசித்து, உணரியை மாற்றச் சொன்னது. மூன்றாவது முறை உரிமையாளரின் மைத்துனர் காணொளி பார்த்துத் தாமே மாற்றினார். ஆராய்ச்சி முறைகள் மூன்று, முடிவு ஒன்று. பிழை எண் ஒரு பாதையைத்தான் காட்டுகிறது. அந்தப் பாதையில் உணரி இருக்கிறது, ஒயர் இருக்கிறது, ஒயரைச் சேர்க்கும் கனெக்டர் இருக்கிறது, கடைசியில் மிஷினின் கணிப்பொறி இருக்கிறது. அத்தனை தூரம் நடக்க ஒருவருக்கும் பொழுதில்லை.

முன் பம்புக்கும் பின் பம்புக்கும் ஒரே வகை உணரிதான். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினேன். உணரி கெட்டிருந்தால் பிழை அதனுடனேயே பின் பம்புக்குப் போகவேண்டும். போகவில்லை, முன் பம்பிலேயே உட்கார்ந்திருந்தது. உணரியில் குற்றமில்லை என்று சொன்னேன்.

டிப்பர் ஓட்டுநர் டீ குவளையும் கையுமாக நின்றிருந்தார். "அப்ப சென்சார் நல்லா கீது. மச்சான்தான் ஃபால்ட்டு," என்றார். மைத்துனர் கைப்பேசியில் அவசரமாக எதையோ தேடலானார். உரிமையாளர் இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். உணரி நன்றாயிருந்தால் ஓட்டுகிறவர்தானே குற்றவாளி என்று என்னிடம் கேட்டார். இன்னும் ஒயர் இருக்கிறது என்றேன்.

முன் உணரியின் கனெக்டரை மறுபடி கழற்றி, இம்முறை உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். உள்ளே ஈரம். ஒரு முனையம் பச்சை பூத்துப் பாதி அரிக்கப்பட்டிருந்தது. ஒன்றோடொன்று தொடர்பே இருக்கக் கூடாத இரண்டு முனையங்களுக்கு இடையே மீட்டர் தொடர்பு காட்டியது. மழை இன்னும் தொடங்கவில்லை. எண்ணெயும் அப்படிப் பச்சை பூக்க வைக்காது. விரலில் தொட்டு முகர்ந்தேன். புளித்த நெடி. நிமிர்ந்து பார்த்தேன்.

பம்ப் அறையின் மேல்விளிம்பில் எலுமிச்சம்பழங்கள் தொங்கின. நான்கு எண்ணினேன். மூன்று கறுத்துச் சுருங்கியிருந்தன, ஒன்று புதியது. மிளகாயோடு கட்டுக்கம்பியில் கோக்கப்பட்டு, அந்தக் கம்பி ஒயர்க்கட்டில் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. பழத்தின் சாறு கம்பி வழியாக இறங்கி, ஒயர் வழியாகக் கனெக்டருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. திருஷ்டிக்குப் பழத்தை வண்டியின் முகப்பில் கட்டுவது இப்பக்கத்து வழக்கம். இந்த மிஷினுக்கு முகப்பு என்பது மண்ணில் புரளும் கை. அங்கே கட்டியது நிற்காது. ஆகவே பத்திரமான இடமாகப் பார்த்து உள்ளே கட்டியிருந்தார்கள்.

இதைப் பார்த்ததில்லையா என்று ஓட்டுகிறவரைக் கேட்டேன்.

"தெனமும் பார்த்துக்கினுதான் கீறேன் சார்," என்றார். "மொதலாளி தொடாதன்னாரு. ஜெபம் பண்ற கை பட்டா பழத்துக்கு ஆவாதாம்."

உரிமையாளர் குறுக்கே வந்தார். "பழம் இன்னா சார் பண்ணும்? அம்மாவாசைக்கு அம்மாவாசை நானே என் கையால கட்டுறது. மிஷின் மக்கர் பண்ணா அன்னிக்கே இன்னொண்ணு கட்டிடுவேன்."

தாம் அளித்தது வாக்குமூலம் என்பதை அவர் அறியவில்லை. டிப்பர் ஓட்டுநர் அறிந்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். மிஷின் முடங்கினால் ஒரு பழம் கூடும்; பழம் கூடினால் சாறு கூடும்; சாறு கூடினால் மிஷின் முடங்கும். அந்த மிஷினைச் சுற்றி நடந்தவற்றில் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

பழங்களை அகற்றச் சொன்னேன். யார் அகற்றுவது என்று ஒரு கேள்வி எழுந்தது. ஓட்டுகிறவர் தொடக்கூடாது, நான் தொட மறுத்துவிட்டேன், மைத்துனரைக் காணோம். கடைசியில் உரிமையாளரே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடத்தின்மேல் ஏறி, பம்ப் அறைக்குள் தலையை நுழைத்தார். வெளியே வந்தபோது கையில் பழங்களும் சட்டை முழுக்க கிரீஸும் இருந்தன. அவர் விளக்கத்தில், மிஷின்மேல் பட்ட கண் பெரிய கண்ணாம்; அதைத் தாங்கமாட்டாமல்தான் பழமே கசிந்துவிட்டதாம். சாட்சிக்கு ஆளில்லாத வாதம் என்பதால் நான் கருவிப்பையைத் திறந்தேன்.

அரித்த கனெக்டரை வெட்டிப் புதியது வைத்தேன். உணரிகளை அவற்றின் இடத்திலேயே திரும்பப் பூட்டினேன். இனி பழைய ஆளே ஓட்டிப் பார்க்கட்டும், அவர்மேல் குற்றமில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஓட்டுகிறவர் எழுந்து வந்து கையை நீட்டினார். உரிமையாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். நீட்டிய கைக்கு ஒரு சாண் அப்பால், சங்கிலித்தடத்தின் தகட்டின்மேல் அதை வைத்துவிட்டுக் கரைப்பக்கம் நடந்தார். ஓட்டுகிறவர் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

பொழுது சாயும் வரை நான் அங்கேயே இருந்தேன். பிழை எண் வரவில்லை. டிப்பர் ஓட்டுநர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு இருமுறை ஓடி வரவேண்டியதாயிற்று.

அதன்பின் அந்த எண் மீண்டும் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. என்னை யாரும் அழைக்கவில்லை. ஓட்டுகிறவர் முன்பு வந்தவர்களிடம் பழத்தைப் பற்றிச் சொன்னாரா என்பதும் தெரியாது. சாவியை உரிமையாளர் ஏன் அவர் கையில் கொடுக்கவில்லை என்பது தெரியாது. நான் கேட்கவில்லை.