நாழித் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சீவலப்பேரி ஐயம்பெருமாள் பிள்ளையின் மனைவி ஆவுடைத்தாய் மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றையும் ஆற்றங்கரையில் புதைத்தவள். மூன்றுக்கும் நல்ல பெயர்களாகத்தான் வைத்தார்கள். மூத்தவனுக்குப் பாட்டன் பெயர். அடுத்தவளுக்கு அம்மன் பெயர். மூன்றாமவனுக்கு, பாபநாசத்தில் முழுகி நேர்ந்துகொண்ட சாமியின் பெயர். பெயர் வைத்து ஊருக்குப் பாயசம் ஊற்றிய சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது. மூன்றாமவன் போனபோது அவள் அழவில்லை. கேட்டவர்களிடம், ‘பெயர் வைத்தோம், கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது’ என்று மட்டும் சொன்னாளாம்.

அதனால், நான்காவது பிள்ளை பிறந்தபோது ஊர்ப் பெண்கள் கூடி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பிறந்த பதினாறாம் நாள் காலையில் பிள்ளையைச் சுளகில் கிடத்தி, தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். எதிர்வீட்டு அன்னத்தாய் தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவளைப்போல வந்து நின்று, இது யார் பிள்ளை என்று கேட்டாள். அன்னத்தாய் பிள்ளையில்லாமல் தாலி அறுத்தவள். நாலு கோட்டை விதைப்பாடு நிலம் உள்ளவள். ஆவுடைத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாருடையதோ கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். அன்னத்தாய் மடியிலிருந்து ஒரு நாழித் தவிட்டை அளந்து கொட்டிவிட்டுச் சுளகோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு எல்லாரும் கேட்கும்படி, “என்கிட்டப் பால் கிடையாது. இந்தப் பிள்ளைக்குப் பால் குடுத்து வளத்துத் தாளா” என்று ஆவுடைத்தாயின் கையில் கொடுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். தவிட்டை ஐயம்பெருமாள் பிள்ளை வீட்டு மாடு தின்றது.

பிள்ளைக்குத் தவிட்டான் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவள் ஆவுடைத்தாய்தான். அந்தப் பெயரைக் கேட்கிறவன் முகத்தைச் சுளிக்க வேண்டும். பிள்ளையைத் தேடி வருகிற எமன் இது எதற்கென்று திரும்பிப் போக வேண்டும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு எங்கும் பிசகிவிடக்கூடாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். வெளியில் ஒருநாளும் ‘என் பிள்ளை’ என்று சொன்னதில்லை. ‘அந்தப் பய’ என்பாள். பேச்சு வந்த நாளிலிருந்து தன்னை அத்தை என்றும், புருஷனை மாமா என்றும் கூப்பிடப் பழக்கினாள். எதிர்வீட்டைக் காட்டி, அங்கே இருப்பதுதான் அம்மா என்று சொல்லிக்கொடுத்தாள். ஐயம்பெருமாள் பிள்ளைக்கு முதலில் மனசு கேட்கவில்லை. பையன் தவழ்ந்து, நடந்து, ஆற்றில் குதிக்கிற வயதுவரை வந்துவிட்டதைப் பார்த்தபின் அவரும் வாயை மூடிக்கொண்டார். அன்னத்தாய் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பாள், காது குத்துக்குக் கடுக்கன் போட்டாள், மழைக்காலத்தில் சுக்கு இடித்துக் கொடுத்தாள். விளையாட்டை இவ்வளவு ஒழுங்காக விளையாடுகிறாளே என்று ஆவுடைத்தாய்க்கு அவள்மேல் நன்றி.

ஊரார் அப்படி இல்லை. தவிட்டான் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு கூசியது. கோயில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டுவிட்டு, சந்நிதியில் போய்த் தவமணி என்று சொன்னார். ஆவுடைத்தாய் தட்டை நீட்டியபடியே நின்றாள்.

“சாமி, அந்த அர்ச்சனை எந்த வீட்டுப் பிள்ளைக்கோ போயிட்டு. இன்னொருக்க பண்ணுங்க. தவிட்டான்.”

குருக்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உதட்டுக்குள் சொல்லிக் கர்ப்பூரத்தைக் காட்டினார். பட்டாளத்திலிருந்து வந்திருந்த தாய்மாமன், பையனின் தகர டப்பாவில் ஆணியால் தவமுத்து என்று கீறிக் கொடுத்தான். அவள் அந்த டப்பாவை அரிசிப்பானைக்கு மூடியாக்கிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புருஷனை விட்டுச் சாம்பலில் எழுதச் சொல்லி, தவிட்டான் என்கிற ஐந்து எழுத்தும் எப்படி இருக்கும் என்று கண்ணில் வாங்கி வைத்திருந்தாள்.

பையனுக்கு ஆறு வயதானபோது ஊரிலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த சத்தியநேசன் வாத்தியார் நல்ல மனுஷர், பிள்ளைகளை அடிக்கமாட்டார். சேர்த்த வாரமே பையன் சிலேட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். ஆவுடைத்தாய் பார்த்தாள். ஐந்து எழுத்து இல்லை, கூட இருந்தது. புருஷன் வாசித்துச் சொன்னார்: தவசிமுத்து.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியார் எழுந்து நின்று பேசினார்.

“மாட்டுக்கு வைக்கிறதைப் பிள்ளைக்குப் பேரா வச்சா நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டாங்களாம்மா?”

“சிரிக்கட்டும் வாத்தியாரய்யா. சிரிக்கணும்னுதான் வச்சிருக்கு.”

மாற்றிவிடுவதாக அவர் சொன்னார். சிலேட்டில் ஒருநாள் தவிட்டான் வந்தது. அடுத்த வாரம் தவசி வந்தது. போய்ச் சொன்னாள். மறுபடி தவிட்டான் வந்து, சில நாளில் தவராஜன் ஆனது. வாத்தியார் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒருபோதும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. சண்டை போடுகிறவனென்றால் சண்டை போடலாம். இவர் தலையை ஆட்டிக்கொண்டே, கையால் வேறு எதையோ செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நல்ல பெயருக்கும் அவள் வீட்டுக்கு வந்து பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருக்காது. இருந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் சக்கரவர்த்திக்கு டில்லியில் மகுடாபிஷேகம் என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க உத்தரவாகியிருந்தது. சத்தியநேசன் வாத்தியார் முற்றத்தில் மாவிலை கட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பெற்றவர்களையும் வரச்சொல்லியிருந்தார். ஆவுடைத்தாய் நெல் அவிக்கிற வேலையை முடித்துவிட்டுப் போனபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. வேலிப்பக்கம் ஒதுங்கி நின்றாள்.

வாத்தியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் எழுந்து போய்க் கைநீட்டி வாங்கினார்கள். இடையில், “சிவசண்முகம்” என்று கூப்பிட்டார்.

இது யார் புதுப்பிள்ளை என்று அவள் எட்டிப் பார்த்தாள். எழுந்து போனவன் தவிட்டான்.

கூப்பிட்டது தன்னைத்தானா என்று அவன் தயங்கக்கூட இல்லை. வெகுநாளாய்ப் பழகிய பெயருக்குப் போகிறவன்போல நேராகப் போனான். வாத்தியார் மிட்டாயைக் கையில் வைத்துவிட்டு, உங்க அம்மா வந்திருக்காங்களா என்று கேட்டார். பையன் கூட்டத்தைப் பார்த்தான். ஆவுடைத்தாயைப் பார்த்தான், பார்த்துச் சிரிக்கவும் செய்தான். பிறகு முன்வரிசையைக் கைகாட்டினான். அங்கே அன்னத்தாய் கோடிச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து வந்து முந்தானையால் அவன் வாயைத் துடைத்து, தலையைத் தடவிக் கூட்டிக்கொண்டு போனாள்.

கேட்ட பெயர் ஆவுடைத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. சிவசண்முகம் அன்னத்தாயின் தகப்பனார் பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்குத்தான் வைப்பார்கள்.

கூட்டம் கலைந்ததும் வாத்தியாரிடம் போனாள். யாரைக் கேட்டு இந்தப் பெயரை எழுதினீர்கள் என்று கேட்டாள். வாத்தியார் எப்போதும்போல மரியாதையாகவே சொன்னார்.

“பையனோட அம்மா வந்து சொன்னாங்க. பெத்தவங்க சொன்னா எழுதித்தானே ஆகணும்.”

“எந்த அம்மா?”

“அன்னத்தாயம்மாதான். நீங்க அத்தைதானே? உங்களுக்கு அவங்க மேல என்ன வருத்தமோ, இப்படி ஒரு பேரை எழுதச் சொல்லி அடிக்கடி வாரீங்க. நானும் பெரியவங்க சமாசாரம்னு ஒண்ணும் கேட்டுக்கிடல.”

இத்தனை மாதம் அவர் தலையாட்டியதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் வெளியூர்க்காரர். பையன் கூப்பிடுகிறதைக் கேட்டார், நம்பினார். பிள்ளைமேல் பொறாமைப்பட்ட அத்தைக்காரி என்று இவளைப் பொறுத்துப்போயிருக்கிறார். நான் பெற்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நடுப்பகல். சுற்றிலும் பிள்ளைகள், ஆட்கள். சொன்னால் யார் யார் காதில் விழும் என்று நினைத்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நேரே அன்னத்தாய் வீட்டுக்குப் போனாள். அன்னத்தாய் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பையன் உள்ளே மிட்டாய்க் காகிதத்தை நீவிக்கொண்டிருந்தான். அவனை ஆற்றுப்பக்கம் விளையாடப் போகச் சொல்லிவிட்டு அன்னத்தாய் நிமிர்ந்தாள்.

“அத்தையா வந்திருக்கியா, வேற யாராயும் வந்திருக்கியா?”

“மைனி, விளையாடாதீங்க. பேரு நான் வச்சது.”

“நான் என்னளா விளையாடுதேன்? வித்தது நீ, வாங்கினது நான். ஊரு முன்னால நாழித் தவிடு அளந்திருக்கேன். அதை உங்க மாடு தின்னு சாணியும் போட்டாச்சு. பால் குடுத்து வளத்துத் தான்னேன். வளத்துத் தந்திருக்கே. நான் இல்லேங்கலையே.”

ஆவுடைத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். கேலி இருக்கும் என்று தேடினாள். இல்லை. ஆறு வருஷமாக இந்தத் தெருவில் ஒருத்தி விளையாட்டாகச் செய்துகொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரி நிஜமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

நல்ல பெயர் ஆகாது, என்ன நடந்ததென்று உங்களுக்கே தெரியும் என்று அவள் கெஞ்சினாள். அதற்கும் அன்னத்தாயிடம் பதில் இருந்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பைய எழுந்து கிட்டத்தில் வந்தாள்.

“நீ எதுக்கு அந்தப் பேரை வச்சே? பயத்தில வச்சே. உன் வாசல் மூணைக் கொண்டுபோனவனுக்குப் பழகின வாசல். என் வயித்தில எது பிறந்து எது செத்தது? இந்த வீட்டுக்கு அவன் வழி அறியமாட்டான். எம் பிள்ளைக்கு நான் எதுக்குத் தவிட்டையும் உமியையும் பேரா வைக்கணும்?”

அப்படியானால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், இப்போதே தவிடு அளக்கிறேன் என்றாள் ஆவுடைத்தாய்.

“வித்தாத்தானேளா வாங்குவே?”

ஆவுடைத்தாய் போகத் திரும்பினாள். பிறகு அன்னத்தாய் சொன்னாள்: “ஒண்ணு பண்ணு. நடுத்தெருவில நின்னு, தவிடு பொய், பெத்தவ நான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் இப்பமே போயி வாத்தியார்கிட்டச் சொல்லி அழிக்கச் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு அவளே வெலவெலத்துப்போனாள். யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசல் பக்கம் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் சொன்னதைவிட, அந்தப் பார்வைதான் ஆவுடைத்தாயை அடித்துப் போட்டது. தன்னைப்போலவே இவளும் நடுங்குகிறாள். வீம்புக்குப் பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறவள் இப்படி நடுங்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். ஐயம்பெருமாள் பிள்ளை துள்ளிக் குதித்தார். நாலு பேரைக் கூட்டிக் கேட்கிறேன், அவள் சொத்தும் வேண்டாம் சுகமும் வேண்டாம் என்றார். துண்டை உதறித் தோளில் போட்டவரை அவள் கதவை அடைத்துக்கொண்டு நின்று தடுத்தாள்.

“என்ன கேப்பீங்க? எம் பிள்ளைன்னுதானே கேப்பீங்க? நாலு பேரு முன்னால அந்த வார்த்தை வரணும்லா?”

அவர் துண்டை எடுத்துத் திண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் அடுப்பை மூட்டப் போனாள். தன் வாசலுக்குப் பழக்கமானவனிடமிருந்து பையனை மறைக்க ஒரு குப்பைப் பெயர்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மறைக்க அதைவிடப் பெரிய இடம் ஒன்று தெருவுக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. அங்கே அவன் ஒளிந்தவனாக இருக்க வேண்டாம். அங்கத்துப் பிள்ளையாகவே இருந்துவிட்டால் போதும். திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள். ஆனால் அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொங்கல் கழிந்ததும் பையனின் பாய், துணி, சிலேட்டு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்னத்தாய் வாங்கி உள்ளே வைத்தாள். பையனுக்கு இரண்டு வீடும் ஒன்றுதான். படுக்கிற இடம் மாறியதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றுக்கு மட்டும் இங்கே வந்தான்.

மறு பங்குனியில் ஊரில் அம்மை குத்துகிறவர் வந்தார். சாவடியில் மேசை போட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அன்னத்தாய்க்கு ரத்தம் பார்க்க ஆகாது. வேப்பமரத்தடியில் எட்டி நின்றுகொண்டு, பையனை ஆவுடைத்தாயோடு அனுப்பினாள். பெயர் கேட்டார். பையன் சொல்லுமுன் பின்னால் நின்ற ஒருவர், சண்முகம் என்றார். எழுதப்போனவரை ஆவுடைத்தாய் நிறுத்தினாள்.

“சிவசண்முகம். முழுக்க எழுதணும் அய்யா. அவுங்க அம்மா வச்ச பேரு.”

“நீங்க யாரு?”

“அத்தை.”

பையனின் கையை மேசைமேல் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தாள். ஊசி கீறியதும் பையன் உடம்பை முறுக்கி, அவள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அம்மா என்று அலறினான். அவள் பிடியைத் தளர்த்தவில்லை. வேப்பமரத்தடிவரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“வந்துட்டா லே, வந்துட்டா. உங்கம்மா அங்கனதான் நிக்கா.”