சிவந்த முகம்

போன வாரம் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு முகம் சிவந்தது, பிள்ளைகளே. லயமே கூடி நின்று சந்தோஷப்பட்டது. எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று யாருக்குத் தெரிந்தது?

முத்தையா அண்ணன் தேயிலை ஸ்டோர் ஆலையில் அடுப்புக்காரர். தேயிலை காய அனல் வேண்டுமே... அந்த அடுப்புக்கு விறகு போடுகிறவர். மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் அடைத்து, வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது காதில் விழுகிறது, பதில்தான் இல்லை.

தலவாக்கலை டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். ரத்தக்குழாய்களை விரிய வைக்கும் மாத்திரை. போட்ட சற்று நேரத்தில் முகம், காது, கழுத்தெல்லாம் குப்பென்று சிவக்கும்.

அண்ணி செல்லம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா தம்பி, ரத்தம் தலைக்கு ஏறிருச்சு! இனி 'ஏ புள்ள'ன்னு கூப்பிட்டுருவாரு."

"வெயில்ல நின்ன வெள்ளக்காரத் தொரை மாதிரியில்ல இருக்காரு!" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி.

சிவப்பு நல்லதென்றால் கூடுதல் சிவப்பு இன்னும் நல்லதுதானே? அண்ணி மறுநாள் இரண்டு மாத்திரையாகக் கொடுத்துவிட்டார். எழுந்து நின்ற அண்ணன் கண் செருகி அப்படியே சரிந்தார்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அண்ணியைத் திட்டவில்லை.

"லயத்துல மேல் பீலிக் கொழாயையெல்லாம் தெறந்துவிட்டா கீழ் பீலியில தண்ணி வருமாம்மா?"

"சொட்டுங்க."

"அதேதான். மருந்து ஒடம்பு முழுக்கக் கொழாயை விரிச்சிருச்சு. மொகத்துத் தோல்ல ரத்தம் நல்லா ஓடுது. அழுத்தம் விழுந்து, மூளைக்குப் போறது கொறைஞ்சு போச்சு."

"அப்ப அளவாக் குடுத்தா பேச்சு வந்துருங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தம் போறது ஒண்ணு. அது கொண்டுபோற பிராணவாயுவை மூளை எடுத்துக்கிறது வேற ஒண்ணு. செத்துப்போன எடம் எடுத்துக்காதும்மா."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அடுப்புக்காரர் பெண்டாட்டி அல்லவா...

"சாம்பலை ஊதுற மாதிரிங்களா?"

டாக்டர் ஆமென்று தலையசைத்தார். மாத்திரைப் புட்டிக்காகக் கையை நீட்டினார். அண்ணி விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு குடுத்துக்கிறேனுங்க. மொகமாச்சும் நல்லாருக்கும்."

டாக்டர் புட்டியை வாங்கி மேசைக்குள் வைத்தார்.

இனி அந்த முகம் சிவக்காது, பிள்ளைகளே. காது மட்டும் கேட்கிறது — அவர் வாசலைத் தாண்டி ஓடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுங்கள்.